முஷஜ்ஜிஃ: எகிப்தியக் கால்பந்து ரசிகர்களின் தீராத வழக்கு

அரபு மொழியில் விளையாட்டு ரசிகனைக் குறிக்க இன்று வழங்கும் சொல் ‘முஷஜ்ஜிஃ’ என்பதாகும். ‘ஷஜாஅத்’ என்பது வீரம். பிறர் உள்ளத்தில் அவ்வீரத்தை ஊட்டுபவன் முஷஜ்ஜிஃ. தமிழில் நாம் வழங்கும் ரசிகன் சுவைத்து மகிழ்பவன். ஆங்கிலச் சொல்லின் வேரோ வெறி என்னும் பொருளைத் தருவது. ஆட்டம் காண வருபவனை ஒவ்வொரு மொழியும் ஒவ்வோர் இடத்தில் நிறுத்திப் பார்க்கிறது. அரபு மொழி அவனுக்கு ஒரு கடமையையே தந்திருக்கிறது. களத்தில் ஓடும் பதினொருவருக்குத் துணிவு வழங்க வேண்டியவன் அவன்.

அக்கடமை எதுவரை செல்லும்? தன் அணிக்குத் துணிவூட்டும் குரல் எதிரணியை இழிவுபடுத்தும் குரலாக மாறுவது எவ்விடத்தில்? பாடலாமா, ஏசலாமா, தீப்பந்தம் கொளுத்தலாமா, களத்தினுள் இறங்கலாமா? இவ்வினாக்களை எகிப்தின் ரசிகர்கள் காவல்துறையிடமோ கால்பந்துச் சங்கத்திடமோ கேட்டதைவிடத் தமக்குள்ளேதான் மிகுதியாகக் கேட்டுக்கொண்டனர். ஒரே வண்ணச் சட்டை அணிந்தோர் ஒரே படிக்கட்டில் அமர்ந்து நிகழ்த்திய அவ்வழக்கின் வரலாறே இக்கட்டுரை. யார் எத்தனை கோல் அடித்தார் என்பது இங்கு நம் பொருளன்று.

இதன்பால் என் கவனம் திரும்பியது ஒரு வகுப்பறையில். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இரண்டாம் நாள். இறுதியாண்டு மாணவர்களுக்கு நாளேட்டு அரபு கற்பிக்கும் பாடவேளை. இணையத்திலிருந்து எடுத்த எகிப்திய நாளேட்டின் முதற்பக்கத்தை ஒரு மாணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எழுபதுக்கும் மேற்பட்டோர் ‘முதர்ரஜ்’ ஒன்றில் இறந்துபட்டனர் என்று பொருள் கூறியவர், ‘எந்தப் பல்கலைக்கழகத்தில், உஸ்தாத்?’ என்று கேட்டார். அவர் மீது குற்றமில்லை. ‘தரஜா’ என்றால் படி. படிபடியாக இருக்கைகள் அமைந்த விரிவுரைக்கூடத்துக்கும் முதர்ரஜ் என்றே பெயர். விளையாட்டரங்கின் பார்வையாளர் படிக்கட்டுக்கும் அதே பெயர். எங்கள் பாடநூலில் இருந்தது முதற்பொருள் மட்டுமே. ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் இவர்கள் என்று நான் விளக்கியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

எகிப்தில் கால்பந்துக் கழகம் என்பது விளையாட்டுக்கு அப்பாற்பட்ட பொருளுடையது. 1907-இல் கெய்ரோவில் அல்-அஹ்லீ கழகம் தோன்றியபோது நாடு ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. உயர்கல்வி பயிலும் எகிப்திய மாணவர்கள் ஒன்றுகூட ஓரிடம் வேண்டும் என்று எண்ணிய வழக்கறிஞர் உமர் லுத்ஃபீயின் முயற்சியால் அது அமைந்தது. ‘அஹ்லீ’ என்ற பெயரே நாட்டு மக்களுக்குரியது என்னும் பொருளைத் தரும். அத்தகைய கழகத்தின் முதல் தலைவராக ஓர் ஆங்கிலேய அதிகாரியே அமர்த்தப்பட்டார் என்பது காலத்தின் கோலம். 1911-இல் பெல்ஜிய வழக்கறிஞர் ஒருவர் தொடங்கிய மற்றொரு கழகம் கஸ்ருந்நீல் என்றும், பின்னர் ‘முக்தலத்’, அதாவது கலப்புக் கழகம் என்றும், மன்னர் ஃபாரூக்கின் பெயராலும் வழங்கி, 1952-இன் புரட்சிக்குப்பின் ஸமாலிக் என நிலைபெற்றது. சிவப்பு அஹ்லீக்கு, வெள்ளை ஸமாலிக்குக்கு. இவ்விரு நிறங்களுக்கிடையே நாடு பிரிந்து கிடந்தது. சூயஸ் கால்வாயின் முகப்பிலுள்ள போர்ட் ஸயீத் நகரோ மூன்றாவது நிறமொன்றை வைத்துக்கொண்டது. அயல்நாட்டார் மலிந்திருந்த அத்துறைமுகத்தில், 1919-இன் விடுதலைக் கிளர்ச்சியை அடுத்து, 1920-இல் அமைந்த கழகம் தன்னை ‘அல்-மஸ்ரீ’, எகிப்தியன், என்றே அழைத்துக்கொண்டது. அதன் நிறம் பச்சை.

பழைய காலத்து ரசிகர்கள் அனைவரும் அமைதியின் உருவங்கள் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டியதில்லை. 1971-72ஆம் ஆண்டின் லீக் போட்டிகள் அஹ்லீ–ஸமாலிக் ஆட்டத்தில் தண்ட உதை ஒன்றைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தால் முடிவுறாமலே கைவிடப்பட்டன. அன்று அஹ்லீயின் கோல்காப்பாளராக நின்றவர் மர்வான் கனஃபானீ. பலஸ்தீனத்தின் புகழ்பெற்ற சிறுகதை ஆசிரியர் கஸ்ஸான் கனஃபானீயின் உடன்பிறந்தவர். அரபு இலக்கியம் பயில்வோர் அக்குடும்பத்தை வேறு காரணத்துக்காக அறிவர். 1974 பிப்ரவரி 17 அன்று ஸமாலிக் அரங்கில், செக்கோஸ்லோவாக்கியாவின் டுக்லா பிராக் அணியுடன் நடைபெறவிருந்த நட்பு ஆட்டத்துக்குக் கூட்டம் அளவுமீறித் திரண்டதால் நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். அங்கே எவரும் எவரையும் தாக்கவில்லை. கொள்ளளவுக்கு மிஞ்சி மக்களை உள்ளே விட்டதன் விளைவு அது. நம் பின்வரும் கதைக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. கூட்டம் செய்த குற்றம் வேறு, கூட்டத்துக்குச் செய்யப்பட்ட குற்றம் வேறு.

எகிப்தியர் பேச்சில் ‘தெர்ஸோ’ என்றொரு சொல் உண்டு. மூன்றாவது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் திரிபு. திரையரங்கிலும் விளையாட்டரங்கிலும் மலிவுக் கட்டண வரிசைக்கு அப்பெயர். நம் ஊர்த் திரையரங்குகளில் தரை டிக்கெட் என்போமே, அதற்கு நிகரானது. தெர்ஸோவின் மனிதருக்கென ஒரு பண்பாடு இருந்தது. மேளம் கொட்டுவர்; நடுவரைச் சாடையாக ஏசுவர்; சிலேடைப் பேச்சில் எதிரணியை மடக்குவர்; தோற்றால் வசைபாடிவிட்டுத் தேநீர்க்கடைக்குச் செல்வர். கழகத்தின் ஆதரவில் இயங்கிய ரசிகர் சங்கங்கள் முழக்கங்களை வழிநடத்தின. அல்-அஸ்ஹரில் பயின்று திரும்பிய எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், தாம் தங்கியிருந்த தெருவில் தேநீர்க்கடை முதியவர்கள் அரங்குக்குச் செல்வதையே விட்டுவிட்டு வானொலிப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் சுற்றி அமர்ந்திருப்பர் என்றும், ‘இப்போது அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார முடியாது’ என்று சலித்துக்கொள்வர் என்றும் என்னிடம் கூறியதுண்டு.

அம்முதியவர்களைச் சலிக்கச் செய்த பிள்ளைகள் 2007-இல் தோன்றினர். இவர்களைக் குறித்த சொல்லும் இத்தாலியிலிருந்தே கடல் கடந்து வந்தது: ‘அல்ட்ராஸ்’. அஹ்லீக்கு ‘அல்ட்ராஸ் அஹ்லாவீ’, ஸமாலிக்குக்கு ‘வெள்ளை வீரர்கள்’ என்று பொருள்படும் ‘ஒயிட் நைட்ஸ்’, போர்ட் ஸயீதில் ‘கிரீன் ஈகிள்ஸ்’ என்னும் பச்சைக் கழுகுகள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்களும் வேலை தேடும் இளைஞர்களும். இவர்களுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாட வேண்டும். தோற்றுக்கொண்டிருந்தாலும் வாய் மூடலாகாது. அணி எந்த ஊருக்குச் சென்றாலும் பின்செல்ல வேண்டும். கழகத்திடம் காசு பெறலாகாது. முகத்தை ஊடகங்களுக்குக் காட்டலாகாது. ‘கபூ’ எனப்படும் முழக்கத் தலைவன் களத்துக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டிருப்பான். ஆட்டத்தின் ஒரு நொடியையும் அவன் காண்பதில்லை! ஒயிட் நைட்ஸின் தொடக்கக் காலத்தவர்களுள் ஒருவரான முஹம்மத் ஜமால் பஷீர் 2011-இல் வெளியிட்ட ‘கிதாபுல் அல்ட்ராஸ்’ என்னும் நூல், இவ்வியக்கத்தினர் தம்மை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கு உள்ளிருந்தே எழுந்த சான்றாகும்.

ஒரு செய்தியை ஈண்டு மறத்தலாகாது. அஹ்லீ அல்ட்ராஸ் குடியேறிய பகுதிக்கு ‘தால்த்தா ஷிமால்’, மூன்றாம் வகுப்பு இடப்புறம், என்று பெயர். அதுவே பழைய தெர்ஸோவின் இடம். ஆகவே முதியோருக்கும் இளையோருக்கும் நிகழ்ந்த வழக்கு இரு வேறு மாடங்களுக்கிடையே நிகழ்ந்ததன்று. ஒரே படிக்கட்டுக்கு இரு தலைமுறையினர் உரிமை கொண்டாடினர்.

வழக்கின் முதற்பொருள் தீ. ஆட்டம் தொடங்குமுன் படிக்கட்டு முழுவதையும் மறைக்கும் துணி ஓவியத்தை விரிப்பர். அதற்கு ‘தக்லா’, நுழைவு, என்று பெயர். உடன் செந்நிறத் தீப்பந்தங்களைக் கொளுத்துவர். அத்தீப்பந்தத்துக்கு எகிப்தியர் இட்ட பெயர் ‘ஷம்ரூக்’. பழைய அகராதிகளைப் புரட்டினால் ஷம்ரூக் என்பது பேரீச்சங்குலையில் காய்கள் தொங்கும் கிளைக்காம்பு என்று காணலாம். பாலைவனத்துத் தோட்டத்திலிருந்த சொல் எவ்வாறு புகை கக்கும் குழலுக்குப் பெயராயிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர் கவனத்துக்குரியது. இத்தீயை முதியோர் வெறுத்தனர். புகையில் ஆட்டம் தெரிவதில்லை, பக்கத்திலிருக்கும் சிறுவன் மீது பொறி விழும், ஆட்டம் தடைப்படும், அபராதம் கழகத்தின் தலையில் விழும் என்றனர். இளையோரோ, நாங்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை, அணியைத் தாங்க வந்தோம் என்றனர். இந்த விடையில் உண்மை இல்லாமலில்லை. முஷஜ்ஜிஃ என்ற சொல்லை அதன் முழுப்பொருளில் எடுத்துக்கொண்டவர்கள் அவர்களே. ஆயினும் பக்கத்திலிருக்கும் சிறுவனைப் பற்றிய வினாவுக்கு அவர்கள் விடை கூறியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது பொருள் வசை. இதில் வழக்கு சிக்கலானது. தெர்ஸோவின் முதியோர் வாயும் தூய்மையானதன்று. ஆனால் ஒருவர் எழுந்து ஏசுவதற்கும், பத்தாயிரம் பேர் தாளம் தவறாமல் ஒரே வசையைப் பாடுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது சினம், பின்னது ஒத்திகை பார்த்து வந்தது. எதிரணி வீரரின் தாயைப் பழிக்கும் பாடல்களைக் குடும்பத்தோடு வந்தோர் கேட்கமாட்டாமல் எழுந்து சென்றனர். அல்ட்ராஸுக்குள்ளும் இதுகுறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. நம் பாடல்களில் கழகத்தின் பெருமை மட்டும் இருக்கட்டும் என்றோர் ஒருபுறம். பகைவனைத் தாழ்த்தாமல் நம்மை உயர்த்த இயலாது என்றோர் மறுபுறம். ‘தஅஸ்ஸுப்’ என்று அரபு நாளேடுகள் இதற்குப் பெயரிட்டன. கட்டுதல் என்னும் வேரிலிருந்து வரும் சொல். அதே வேரிலிருந்துதான் இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவின் மையமாக அமைத்த ‘அஸபிய்யா’ என்னும் கருத்தும் வருகிறது. கெய்ரோவில் காழியாகப் பணியாற்றி அங்கேயே மறைந்த அப்பேரறிஞர், மக்களைக் கூட்டாகக் கட்டும் ஆற்றலின்றி அரசோ நாகரிகமோ தோன்றாது என்றே கருதினார். கூட்டாகக் கட்டும் கயிறும், பிறரைக் கட்டிப்போடும் கயிறும் ஒரே நூலில் திரிக்கப்படுவதை அவ்வேர்ச்சொல் நமக்கு உணர்த்துகிறது.

மூன்றாவது பொருள் காவல்துறை. வாயிலில் பலமணி நேரம் நிறுத்துவதும், துணியைப் பறிப்பதும், பிரம்பால் அடிப்பதும், ஆட்டத்துக்கு முன்னிரவில் கபூக்களைக் கைது செய்வதும் வழக்கமாகிவிட்ட நாட்டில், அரங்கம் ஒன்றே இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் குரலெழுப்பக் கூடிய இடமாக இருந்தது. ‘ஜும்ஹூர்’ என்ற சொல்லுக்கு அரங்கக் கூட்டம் என்றும் பொருள், பொதுமக்கள் என்றும் பொருள். குடியரசுக்கு வழங்கும் ‘ஜும்ஹூரிய்யா’ அதிலிருந்தே பிறந்தது. 2011 ஜனவரியில் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பியபோது, காவலரின் கண்ணீர்ப்புகையை எதிர்கொள்ளப் பழகியவர்கள் யார் என்று பார்த்தால், சிவப்புச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் அங்கே அடுத்தடுத்து நின்றன. முபாரக் வீழ்ந்தபின் முதியோர் சிலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் கீமா அஸ்வான் அணியுடன் நடந்த கோப்பை ஆட்டத்தில் அஹ்லீ அல்ட்ராஸ் முன்னாள் உள்துறை அமைச்சரைக் கேலி செய்து பாட, ஆட்டம் முடிந்ததும் காவலர் பாய்ந்து தாக்க, அரசியலை அரங்கினுள் கொண்டுவரலாமா என்னும் வினா மீண்டும் எழுந்தது. அரசியலே பிரம்போடு அரங்கினுள் வந்து நிற்கும்போது இவ்வினாவை ரசிகரிடம் மட்டும் கேட்பது முறையன்று என்பது என் எண்ணம்.

களத்தினுள் இறங்குதல் என்னும் நான்காவது பொருளில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்கக் கூடாது. இருந்தது. 2011 ஏப்ரல் 2 அன்று கெய்ரோவில் ஸமாலிக்குக்கும் துனீசியாவின் கிளப் ஆஃப்ரிக்கான் அணிக்கும் நடந்த ஆட்டத்தின் இறுதி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் களத்தில் புகுந்து வருகை அணியின் வீரர்களைத் துரத்தினர். எகிப்திய அரசு துனீசியாவிடம் மன்னிப்புக் கோரியது. கூட்டத்தில் ஜலாபிய்யா அணிந்து ஓடிய ஒருவரின் படம் நாடெங்கும் பரவ, சதுக்கத்தில் ஒட்டகங்களோடு நடந்த தாக்குதலை ‘ஒட்டகப் போர்’ என்றது போல, இதனை ‘ஜலாபிய்யாப் போர்’ என்று எகிப்தியர் பெயரிட்டுச் சிரித்தனர். எகிப்தியரின் நகைச்சுவை உலகறிந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பத்து மாதங்களில் அவர்கள் கொடுத்த விலை பெரிது.

2012 பிப்ரவரி முதல் நாள். போர்ட் ஸயீதில் அல்-மஸ்ரீக்கும் அஹ்லீக்கும் ஆட்டம். சொந்த மண்ணில் மஸ்ரீ 3–1 என்று வென்றது. வென்ற அணியின் கூட்டமே இறுதி ஊதல் ஒலித்ததும் களத்தினுள் பாய்ந்து, எதிர்ப்புறம் இருந்த அஹ்லீ ரசிகர்களை நோக்கிக் கத்தியும் தடியும் கொண்டு ஓடியது. காவலர் வரிசை அசையாமல் நின்றது. விளக்குகள் அணைந்தன. அஹ்லீ ரசிகர்கள் வெளியேறும் குறுகிய வழியை நோக்கி ஓடினர். வழியின் முடிவிலிருந்த இரும்புக் கதவு பூட்டியிருந்தது. இறந்தோர் 74 பேர். நெரிசலில் மூச்சடைத்தோர், படிக்கட்டின் மேலிருந்து விழுந்தோர், வெட்டுண்டோர் எனப் பல வகையினர். மிகப் பெரும்பாலோர் இளைஞர். வீரர்களின் உடைமாற்றும் அறையே மருத்துவ அறையாயிற்று. நாடு போற்றிய ஆட்டக்காரர் முஹம்மத் அபூதரீக்கா, இளைஞர் ஒருவர் தம் கைகளிலேயே உயிர் நீத்ததைப் பின்னர் கூறினார்.

துயரத்தின் சூடு ஆறுமுன்பே வழக்கு திரும்பி வந்தது. இம்முறை ஒரு துணியைப் பற்றி. அன்று அஹ்லீ ரசிகர் பகுதியில் போர்ட் ஸயீத் ஆடவரின் ஆண்மையைப் பழிக்கும் பதாகை ஒன்று உயர்த்தப்பட்டது. அந்நகர் 1970-களில் சுங்கவரி விலக்குப் பெற்ற துறைமுகமாக்கப்பட்டு, வெளிநாட்டுத் துணி வணிகத்தால் பிழைத்த ஊர். 1956-இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகளைத் தெருத்தெருவாக எதிர்த்து நின்ற ஊரும் அதுவே. அத்தகையோரை, பழந்துணி மூட்டை விற்கும் ஊரில் ஆண்கள் ஏது என்னும் பொருள்பட எள்ளியது அப்பதாகை. அதுவே நெருப்பை மூட்டியது என்றனர் சிலர். அதனைக் கொண்டுவந்தவர் எங்களவர் அல்லர், யாரோ ஏவியவர் என்றனர் வேறு சிலர். ஏசியதற்குக் கொலையா என்று வெகுண்டனர் மற்றவர். சதியென்று நம்பினோர், பதாகையைப் பற்றிப் பேசுவதே காவல்துறையின் குற்றத்தை மறைக்கும் சூழ்ச்சி என்றனர்.

இதில் என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. அப்பதாகை இழிவானது. வசையைப் பற்றிய பழைய வழக்கில் முதியோரே சரியாகப் பேசியிருந்தனர் என்பதற்கு அது சான்று. ஒருவரின் ஊரையும் மானத்தையும் குறிவைப்பது துணிவூட்டுதல் ஆகாது. ஆனால் பூட்டிய கதவுக்குப் பதாகை விளக்கமாகாது. சோதனையின்றி உள்ளே வந்த கத்திகளுக்கும், அணைந்த விளக்குகளுக்கும், அசையாது நின்ற காவலருக்கும் அது விடையாகாது. நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு ரசிகர்கள் மீதும் பாதுகாப்புத் துறையின் அலட்சியம் மீதும் பழி கூறியது. 1974-க்கும் 2012-க்கும் இடையில் நாம் மேலே கூறிய இருவகைக் குற்றங்களும் அந்த ஓரிரவில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. பிரித்தெடுக்கும் பொறுமை எத்தரப்புக்கும் இல்லை.

இறந்தோரை ‘ஷுஹதா’ என்று அல்ட்ராஸ் அழைத்தனர். விளையாட்டு பார்க்கச் சென்று இறந்தோருக்கு இச்சொல் பொருந்துமா என முணுமுணுத்தோர் உண்டு. இடிபாட்டில் சிக்கி இறப்போரையும் நீரில் மூழ்கி இறப்போரையும் ஷஹீதுகளின் கணக்கில் சேர்த்த நபிமொழி நம்மிடையே இருக்க, அநியாயமாகக் கொல்லப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரிடம் அச்சொல்லைப் பறிப்பதில் என்ன மார்க்கப் பேணுதல் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுடைய மற்றொரு முழக்கச் சொல்லான ‘கிஸாஸ்’ பற்றியோ எனக்கு ஐயம் உண்டு. கிஸாஸ் என்பது நீதிபதியின் முன் நிறுவப்பட்டு, குருதிக்குரிய உறவினர் விரும்பினால் மன்னிக்கவும் இடமுள்ள உரிமை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும். தெருவில் ஓங்கி ஒலிக்கையில் அச்சொல் மன்னிப்புக்குரிய தன் மறுபாதியை இழந்துவிடுகிறது.

ஆட்டம் மீண்டும் தொடங்கலாமா என்பது அடுத்த பிளவு. அவ்வாண்டின் லீக் கைவிடப்பட்டது. செப்டம்பரில் ரசிகரின்றி சூப்பர் கோப்பை நடத்த முற்பட்டபோது, நீதி கிடைக்கும்வரை பந்து உருளலாகாது என்றனர் அல்ட்ராஸ். ஆட்டத்தால் வயிறு வளர்ப்போர் எத்தனை ஆயிரம், அவர்கள் என்ன செய்வர் என்றனர் மற்ற ரசிகர். அபூதரீக்கா இளைஞர் பக்கம் நின்று ஆட மறுத்தார். அவருடைய கழகமே அவருக்குத் தடையும் அபராதமும் விதித்தது. அதே அஹ்லீ நவம்பரில் துனிஸ் சென்று ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் நின்ற வெற்றி.

2013 ஜனவரி 26 அன்று 21 பேருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டதும் கெய்ரோவில் அஹ்லீ கழக வாயிலில் ஆரவாரம். போர்ட் ஸயீதில் சிறைச்சாலை முன் மோதல். அந்நகரில் சில நாட்களில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓர் ஊரின் மகிழ்ச்சியும் மற்றோர் ஊரின் ஜனாஸாவும் ஒரே தொலைக்காட்சித் திரையில் பாதிப்பாதியாகத் தெரிந்தன. மார்ச் 9-இல் தண்டனை உறுதியாகி, காவல் அதிகாரிகளுள் பலர் விடுவிக்கப்படவே, கெய்ரோவில் கால்பந்துச் சங்கக் கட்டடமும் காவல் அதிகாரிகள் மன்றமும் தீக்கிரையாயின. இத்தீயை ஷம்ரூக்கின் தீயோடு ஒப்பிட்டு, அன்றே தடுத்திருந்தால் இன்று இது நேராது என்றனர் முதியோர். மறுவிசாரணையில் மரண தண்டனை பெற்றோர் எண்ணிக்கை 11 ஆயிற்று. 2017-இல் உச்ச முறையீட்டு நீதிமன்றம் பத்துப் பேருக்கு அதனை உறுதி செய்தது.

அரசு கண்ட தீர்வு எளியது: அரங்கைக் காலியாக வைப்பது. உள்நாட்டு லீக் ஆட்டங்கள் ஆண்டுக்கணக்கில் வெற்றுப் படிக்கட்டுகளின் முன் நடந்தன. 2015 பிப்ரவரி 8 அன்று கெய்ரோவின் வான்பாதுகாப்பு அரங்கில் ஸமாலிக்–என்பீ ஆட்டத்துக்கு ரசிகர்களை அனுமதிக்க முயன்றபோது, கம்பியடைத்த ஒடுங்கிய நுழைவழியில் கூட்டத்தை நிறுத்தி அதன்மேல் கண்ணீர்ப்புகை வீச, ஏறத்தாழ 20 பேர் மடிந்தனர். வெளியே உடல்கள் கிடக்க உள்ளே ஆட்டம் நடந்தது. ஸமாலிக்கின் உமர் ஜாபிர் ஆட மறுத்துக் கழகத்தின் சினத்துக்கு ஆளானார். ரசிகர் செய்தது என்ன என்னும் வினாவுக்கு அன்று இடமே இல்லை; நுழைவதற்கு முன்பே அவர்கள் இறந்துவிட்டனர். அவ்வாண்டு மே மாதம் நீதிமன்றம் ஒன்று அல்ட்ராஸ் குழுக்களைத் தடை செய்தது.

2016 பிப்ரவரி முதல் நாள், போர்ட் ஸயீதின் நான்காம் ஆண்டு நினைவில் அஹ்லீயின் பயிற்சி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்றிரவு குடியரசுத் தலைவர் அப்துல் ஃபத்தாஹ் அஸ்ஸீஸீ தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்குத் தொலைபேசியில் பேசி, அல்ட்ராஸிலிருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து விசாரணையில் சேருமாறு அழைத்தார். அவர்கள் மறுத்தனர். வழக்காடும் தரப்பே நீதிபதியாகவும் அமர்தல் இயலாது என்பது அவர்கள் கூறிய காரணம். சட்டம் பயின்றோர் நாணும் அளவுக்குத் தெளிந்த விடை. காழியின் ஒழுக்கம் பற்றிய பாடத்தில் நான் இதனை மாணவர்களுக்கு எடுத்துக் கூறுவதுண்டு. தெருவில் கிஸாஸ் என்று முழங்கியவர்களும் இவர்களே, நீதிபதியின் இருக்கையை மறுத்தவர்களும் இவர்களே. நான்கு ஆண்டுகளில் அவர்களுக்குள் நடந்த விவாதம் அவர்களை எவ்வளவு தூரம் நடத்தி வந்திருக்கிறது!

அவ்விவாதம் தொடர விடப்பட்டிருந்தால் ஷம்ரூக்குக்கும் வசைக்கும் ஓர் எல்லையை அவர்களே வகுத்திருக்கவும் கூடும். 2017-இன் 71-ஆம் எண் விளையாட்டுச் சட்டம் அரங்கில் வசைபாடுதலையும் களத்தினுள் நுழைதலையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. சட்டத்தின் வாசகத்தில் எனக்குப் பெரிய குறை தோன்றவில்லை. முதியோர் கேட்டதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அவர்கள் கேட்டது தம் பிள்ளைகளிடம். 2018 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டமொன்றை ஒட்டிப் பலர் கைதானபின், மே மாதத்தில் அல்ட்ராஸ் அஹ்லாவீ தன் பதாகையைத் தானே எரித்துக் கலைந்ததாக அறிவித்தது. ஒயிட் நைட்ஸும் அவ்வழியே சென்றது. பதாகை பறிபோவது அல்ட்ராஸின் சட்டத்தில் மிகப்பெரிய மானக்கேடு; அதனால்தான் பிறர் கையில் சிக்குமுன் தாமே எரித்தனர் போலும்.

2019-இல் ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பை எகிப்தில் நடந்தது. கெய்ரோ அரங்கு நிரம்பியது. ஒவ்வொரு சீட்டும் ஒரு பெயருக்கும் ஓர் அடையாள அட்டைக்கும் உரியது. தால்த்தா ஷிமால் என்று தனியிடம் ஏதுமின்றி, அஹ்லீயும் ஸமாலிக்கும் நாட்டணியின் சட்டையில் கலந்து அமர்ந்திருந்தனர். ஷம்ரூக் இல்லை, வசைப்பாட்டு இல்லை. இருபத்திரண்டாம் நிமிடத்தில், அப்போது நாட்டுக்கு வெளியே வாழ்ந்த அபூதரீக்காவின் பெயரைக் கூட்டம் முழங்கியது. அவர் சட்டையின் எண் 22. இருபதாம் நிமிடத்தில் ஸமாலிக்கின் இறந்தோரையும், எழுபத்து நான்காம் நிமிடத்தில் அஹ்லீயின் இறந்தோரையும் இரு தரப்பாரும் சேர்ந்தே நினைவுகூர்ந்தனர்.